கொண்டைக்குருவிச் சிவப்பில் ஒரு சுவர்

எங்கள் பெயின்ட் கம்பெனிக்கு வருகிறவர்கள் கையில் எதையாவது பிடித்துக்கொண்டுதான் வருவார்கள். ஒருவர் கல்யாணச் சட்டையின் ஓரத்தைக் கத்தரித்து எடுத்து வந்தார். இன்னொரு அம்மாள் டிராகன் பழத்தோலை ஈரத்துணியில் சுற்றிக் கொண்டுவந்து, அது வாடுவதற்குள் பார்த்துவிடச் சொல்லி அவசரப்படுத்தினாள். கொண்டுவந்த பொருளை அவர்கள் மேஜையில் வைத்து, "இதே கலர் சுவருக்கு வேணும்" என்பார்கள். அதே நிறத்தைக் கலந்து கொடுப்பது என் வேலை.

இந்தத் தொழிலை நான் திருப்பூர்ச் சாயப்பட்டறையில் தொடங்கினேன். பனியன் துணியிலிருந்து பெயின்டுக்கு மாறி, வேலையோடு சைகோனுக்கு வந்து சேர்ந்தேன். நிறத்தை அளக்க ஒரு கருவி உண்டு. பொருளின்மேல் வைத்து அழுத்தினால் எந்தச் சாயம் எவ்வளவு என்று சொல்லிவிடும். ஆனாலும் கடைசித் தீர்ப்பு கண்ணுடையதுதான். என் கண்மேல் எனக்குக் கர்வம் உண்டு. கருவி சரி என்று சொன்ன பிறகும், "இதுல மஞ்சள் ஒரு துளி ஏறியிருக்கு" என்று நான் சொன்னால், மறுபடி கலந்து பார்ப்பார்கள்.

இப்படிப்பட்ட எனக்கு வாய்த்த கணவருக்குச் சிவப்புக்கும் பச்சைக்கும் வித்தியாசம் சரியாகத் தெரியாது. பிறவியிலேயே அப்படி. கோயம்புத்தூர்க் கம்பெனி ஒன்றுக்கு சைகோனின் தாவோ தியென் பகுதியில் இருந்த எங்கள் வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் வேலை பார்த்தார். தக்காளி வாங்கி வரச் சொன்னால் காயும் பழமுமாக வாங்கி வந்து, "எல்லாம் ஒரே மாதிரிதானே அம்மணி இருக்குது" என்பார். பெண் பார்க்க வந்தபோது நான் கட்டியிருந்தது மயில்கழுத்துப் பட்டு. பாவு நீலம், ஊடை பச்சை. திரும்பினால் ஒன்று, நிமிர்ந்தால் ஒன்று என்று மின்னும். அவர் அதைப் பார்த்துவிட்டு வீட்டில் போய், "பொண்ணு சாம்பல் கலர் சீலை கட்டியிருந்துது, அடக்கமான பொண்ணு" என்று சொன்னாராம். அந்த அடக்கத்தை நம்பித்தான் கல்யாணம் நடந்தது.

ஒரு மழைக்காலத்துக்கு முன்னால் கம்பெனிக்கு ஒரு கணவனும் மனைவியும் வந்தார்கள். இருவருக்கும் ஏறத்தாழ என் வயது. எங்கள் குடியிருப்புக்கு அந்தப் பக்கம், கால்வாயை ஒட்டிய சந்தில் பறவைக் காப்பிக்கடை வைத்திருந்தார்கள். சைகோனில் இது ஒரு வகைக் கடை. காலையில் ஆண்கள் தங்கள் குருவிக் கூண்டுகளோடு வந்து, அவற்றை வரிசையாகக் கம்பியில் மாட்டிவிட்டு, ஐஸ் காப்பியை வைத்துக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருப்பார்கள். குருவிகள் ஒன்றையொன்று மிஞ்சிப் பாடும். அதைக் கேட்பதற்காகவே வருகிறவர்கள் அவர்கள்.

காப்பிக்கடைக்காரர் கையில் துணி போர்த்திய கூண்டு. அவர் மனைவி கையில் சின்ன பிளாஸ்டிக் உறை.

"சி, கடையில ரெண்டு சுவர் இருக்கு" என்றாள் அவள். சி என்றால் அக்கா. அங்கே பெண்களை அப்படித்தான் மரியாதையாகக் கூப்பிடுவார்கள். "ஒண்ணு அவருக்கு, ஒண்ணு எனக்கு. இப்படிப் பிரிச்ச பிறகுதான் வீட்டுல சமாதானம் வந்துச்சு."

"உங்க சுவருக்கு என்ன கலர்?"

"ஸான்" என்றாள்.

வியட்நாமிய மொழியில் ஸான் என்ற ஒரே சொல்தான் நீலத்துக்கும், பச்சைக்கும். இலை ஸானா, வான ஸானா என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். கேட்டேன். அவள் உறையைத் திறந்து ஓர் இறகை எடுத்து வைத்தாள். கால்வாய்க் கரையில் கிடந்த மீன்கொத்தியின் முதுகு இறகு. அந்த நீலத்தைப் பார்த்ததும் எனக்கு வாயில் எச்சில் ஊறியது. நிறத் தொழிலில் இருக்கிறவர்களுக்கு அப்படி ஆகும்.

அதற்குள் அவர் கூண்டின் துணியை விலக்கினார். உள்ளே ஒரு கொண்டைக்குருவி. நம் ஊரிலும் இருக்கிற அதே ஜாதிதான். தலையில் கூர்மையான கறுப்புக் கொண்டை, வெள்ளைக் கன்னம், கண்ணுக்குப் பின்னால் குங்குமம் தொட்டு வைத்ததுபோல் ஒரு சிவப்பு.

"இந்தச் சிவப்பு" என்றார்.

கன்னத்துச் சிவப்பு ஒரு மிளகைவிடக் கொஞ்சம்தான் பெரியது. என் கருவியை வைத்து அழுத்த இடம் வேண்டும். அழுத்தினால் கண்ணில் படும். நான் தயங்குவதைப் பார்த்து அவரே வழி சொன்னார். குருவியை நோகாமல் கைக்குள் பிடித்துத் திருப்பி, வாலைத் தூக்கிக் காட்டினார். வாலுக்கு அடியிலும் அதே சிவப்பு, தாராளமாக இருந்தது.

அவர் மனைவி சிரிக்க ஆரம்பித்தாள். "அப்போ நம்ம சுவர் முழுக்க இதோட பின்பக்கமா?"

"நிறம் ஒண்ணுதான்" என்றார் அவர் விறைப்பாக.

குருவி என் கருவியின்மேல் எச்சமிட்டது. துடைத்துவிட்டு அளந்தேன். கருவி எண்களைக் காட்டியது. ஆனால் அவர் இல்லை என்று தலையை ஆட்டினார்.

"இது இந்த வருஷத்துச் சிவப்பு. எனக்குப் போன வருஷத்துச் சிவப்பு வேணும்."

அப்போதுதான் விவரம் தெரிந்தது. கூண்டுக்கு வந்த பிறகு குருவி பழைய இறகை உதிர்த்துப் புது இறகு போட்டபோது, சிவப்பு வெளிறிவிட்டது. அவர் காரட், தக்காளி, பப்பாளி, உலர்ந்த இறால் பொடி எல்லாம் ஊட்டிக்கொண்டிருந்தார். அடுத்த முறை இறகு மாறும்போது பழைய நிறம் வரும் என்று நம்பிக்கை.

எனக்கு அது புரிந்தது. என் கிடங்கிலும் அதே கதைதான். கறுப்பு எங்கள் தொழிற்சாலையிலேயே தயாராகும். சிவப்புப் பொடி வெளிநாட்டிலிருந்து கப்பலில் வரவேண்டும். குருவிக்கும் கொண்டையின் கறுப்பைத் தன் உடம்பிலேயே செய்துகொள்ளத் தெரியும், நம் தலைமுடியின் கறுப்பைப் போல. சிவப்பைச் செய்யத் தெரியாது. பழத்திலும் பூச்சியிலும் இருக்கிற சாயத்தைத் தின்று, அதைக் கொஞ்சம் மாற்றி, முளைக்கிற இறகுக்கு அனுப்ப வேண்டும். தின்பது குறைந்தால் நிறமும் குறையும். இதைத் தெரிந்த வியட்நாமியச் சொற்களில், மீதியைக் கையால் காட்டிச் சொன்னேன்.

"அப்போ ஆண் குருவி கன்னத்தைக் காட்டினா, 'நான் நல்லாச் சம்பாதிக்கிறேன், நல்லாச் சாப்பிடுறேன்'னு பெண்ணுக்குச் சொல்ற மாதிரி" என்றாள் அவள்.

"இருக்கலாம். ஆனா இந்தக் குருவியில பெண்ணுக்கும் அதே சிவப்பு உண்டே."

"சரிதான். எங்க வீட்டுலயும் அப்படித்தான். காப்பி போடுறது நான்."

அவர் கூண்டுக்குத் துணியைப் போர்த்தினார்.

போன வருஷத்துச் சிவப்பை அவர் நினைவிலிருந்து எடுத்தோம். நான் கலந்து அட்டையில் பூசிக் காட்டுவேன், அவர் கண்ணை மூடி யோசிப்பார், "இன்னும் பழுத்தது" என்பார். கடைசியில் ஓர் அட்டையைப் பார்த்ததும் அதை எடுத்து மார்போடு வைத்துக்கொண்டார். சிவப்பு முடிந்தது.

நீலம்தான் என் கர்வத்தை இறக்கியது. கருவி சொன்னபடி கலந்தேன். அட்டையில் காய்ந்ததும் பார்த்தால், பள்ளிக்கூட வாளிக்கு அடித்த நீலம்போல இருந்தது. இறகுக்குப் பக்கத்தில் வைத்தால் செத்த நிறம். மறுபடி கலந்தேன். வேறு நீலம் சேர்த்தேன். இறகை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து அதற்குள் என்னதான் இருக்கிறது என்று பார்த்தேன். நீலமே இல்லை! வெளிச்சம் அதைத் துளைத்து வரும்போது இறகு அழுக்குப் பழுப்பாக இருந்தது. கீழே இறக்கினால் மறுபடி நீலம்.

வீட்டுக்குக் கொண்டுவந்து கணவரிடம் காட்டினேன். நீலம் அவருக்கு நன்றாகவே தெரியும்.

"ஏனுங்க, இது என்ன கலர்?"

"நீலம்."

வெளிச்சத்துக்கு எதிரே தூக்கினேன். "இப்ப?"

"அட, பொணமாப் போச்சே! கொண்டா இங்க." அவர் பிடுங்கித் தானே தூக்கிப் பார்த்தார், இறக்கிப் பார்த்தார். "அம்மணி, எனக்குத்தான் கலர் தெரியாதுன்னு நெனச்சேன். இந்தக் குருவிக்கே தன் கலர் என்னன்னு தெரியாதாட்ட இருக்குது."

மறுநாள் ஆய்வறையில் இறகின் நுனியைக் கொஞ்சம் கத்தரித்து, கல்வத்தில் இட்டு நன்றாக அரைத்தேன். நீலப் பொடி வந்திருக்க வேண்டும். மூக்குப்பொடி மாதிரி ஒன்று வந்தது. படித்த பாடம் அப்போதுதான் எனக்கு உறைத்தது. பறவைகளின் நீலத்தில் பெரும்பாலும் நீலச் சாயம் கிடையாது. இறகின் மேல்தோலுக்குள் கண்ணுக்குத் தெரியாத அளவில் காற்று ஓட்டைகள், பஞ்சு மாதிரி, கிட்டத்தட்ட ஒரே இடைவெளியில் இருக்கின்றன. வெளிச்சம் அவற்றில் பட்டுத் தெறிக்கும்போது நீலம் மட்டும் ஒன்றுக்கொன்று கைகொடுத்துத் திரும்பி வருகிறது. மீதி நிறங்களை அடியில் இருக்கிற கறுப்பு குடித்துவிடுகிறது. அரைத்தால் பஞ்சு உடைந்து நீலம் போய்விடும், கறுப்பு மட்டும் மிஞ்சும். கிளியின் பச்சைகூட முக்கால்வாசி இந்த வித்தைதான். அடியில் இப்படி ஒரு நீலம், மேலே மஞ்சள் சாயம். கிளிப்பச்சை என்று எத்தனை ஆயிரம் சேலைக்குச் சாயம் போட்டிருப்பேன்! கிளியைப் பிழிந்தால் அந்தப் பச்சை வராது என்பதை நான் ஒரு நாளும் யோசித்ததில்லை.

நீலத்துக்கு அடியில் கறுப்பு. அதைப் பிடித்துக்கொண்டேன். எல்லாரும் வெள்ளை அடித்துவிட்டுத்தான் நிறம் பூசுவார்கள். அதனால்தான் என் நீலம் வெளிறியது. கறுப்பின் மேல் மெல்லிய நீலத்தைப் பூசி, அதில் மினுங்கும் தூளைக் கலந்து பார்த்தேன். அட்டை உயிர் பெற்றது. இறகின் நீலம் இல்லைதான். ஆனால் அதன் ஒன்றுவிட்ட தங்கை என்று சொல்லலாம்.

பெயின்டர்களுக்கு விவரமாகச் சொல்லி அனுப்பினேன். காலையில் அவளிடமிருந்து போன் வந்தது.

"சி! என் சுவருக்குக் கறுப்பு அடிக்கிறாங்க! சாவு வீடு மாதிரி இருக்கு!"

"அடிக்கட்டும். அதுக்கு மேலதான் நீலம்."

"அவர் சிவப்புச் சுவர் தகதகன்னு இருக்கு. என்னோடது மட்டும் ஏன் இப்படி?"

"சாயங்காலம் வரைக்கும் பொறுங்க, எம்."

எம் என்றால் தங்கை. வயதில் யார் மூத்தவர் என்று நாங்கள் விசாரித்துக்கொண்டதே இல்லை. அவசரத்தில் நான் அக்காவாகிவிட்டேன். சாயங்காலம் அவள் போன் செய்யவில்லை. ஒரு படம் மட்டும் அனுப்பியிருந்தாள். சுவரில் கன்னத்தை வைத்துக்கொண்டு நிற்கிற படம்.

புதுச் சுவர்களோடு கடை திறந்த ஞாயிற்றுக்கிழமை நாங்கள் அங்கே போவதாக இல்லை. நம் ஊர்ச் சாப்பாடு கிடைக்கிற டோங் டு தெருவில் பரோட்டா சாப்பிடப் போவதாகத் திட்டம். பைக் டாக்ஸிக்காகக் கீழே நின்றபோது காப்பிக்கடைக்காரரே கூப்பிட்டார். குரலுக்குப் பின்னால் ஒரே குருவிக் கூச்சல்.

"சி, உடனே வாங்க. சுவர் சரியில்ல."

என் கணவரையும் இழுத்துக்கொண்டு போனேன். சந்துக்குள் நுழையும்போதே சத்தம் கேட்டது. பாட்டு அல்ல, ரகளை. சிவப்புச் சுவருக்கு முன்னால் கூண்டுகள் கம்பியில் ஆடிக்கொண்டிருந்தன. உள்ளே குருவிகள் பறந்து பறந்து கம்பியில் மோதின. சிலர் அவசரமாகக் கூண்டுக்குத் துணி போர்த்திக் கொண்டிருந்தார்கள். ஒருவர் பைக்கில் கூண்டை மாட்டிக்கொண்டு கிளம்பியே விட்டார். எங்கள் காப்பிக்கடைக்காரர் தன் குருவியைக் கையில் வைத்துக்கொண்டு நடுவில் நின்றார். அழுதுவிடுவார்போல இருந்தது.

"சிவப்பைப் பாத்துப் பயப்படுது" என்றார். "எப்படி சி? இது அதோட சொந்தச் சிவப்பு."

"பயமில்லீங்க" என்றார் என் கணவர், தமிழில். அவருக்கு அந்தச் சுவர் ஏதோ பழுப்பாகத் தெரிந்திருக்கும். அதனால் சுவரைப் பார்க்காமல் குருவியையே பார்த்துக்கொண்டிருந்தார். "கொண்டையப் பாரு அம்மணி. எப்படி நட்டுக்கிட்டு நிக்குது. இது சண்டைக்குக் கூப்புடுது. இவ்வளவு பெரிய கன்னத்தோட எவன்டா என்ற எடத்துக்கு வந்தவன்னு கேக்குது."

அதை மொழிபெயர்த்தேன். பக்கத்தில் நின்ற வாடிக்கையாளர்கள் சுற்றி வந்துவிட்டார்கள். பயம் என்று ஒரு கட்சி, கோபம் என்று ஒரு கட்சி. அவர்கள் வாயடித்துக்கொண்டிருக்கும்போது காப்பிக்கடைக்காரி உள்ளே போய், நான் கொடுத்திருந்த சிவப்பு அட்டையைக் கொண்டுவந்தாள். சுவரிலிருந்து தள்ளி, நீலச் சுவர்ப் பக்கம் அமைதியாக இருந்த மூன்று கூண்டுகளிடம் போனாள்.

முதல் கூண்டில் அட்டையைக் காட்டினாள். குருவி பின்னால் பாய்ந்து மூலையில் ஒடுங்கிக்கொண்டது. "பாத்தீங்களா, பயம்!" என்று ஒரு கட்சி கத்தியது.

இரண்டாவது கூண்டு. அந்தக் குருவி கொண்டையைத் தூக்கி, வாலை விரித்து, நேராக அட்டையை நோக்கிப் பாய்ந்து கொத்தியது. மறு கட்சி மேஜையைத் தட்டியது.

மூன்றாவது குருவி அட்டையை ஒரு கண்ணால் பார்த்தது. தலையைத் திருப்பி மறு கண்ணால் பார்த்தது. மெல்லப் பக்கத்தில் வந்து, அட்டையின் ஓரத்தைக் கிள்ளித் தின்னப் பார்த்தது. பழம் என்று நினைத்துவிட்டது.

எல்லாரும் ஒன்றாகச் சிரித்தார்கள். காப்பிக்கடைக்காரர்கூடச் சிரித்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

பறவைகள் எதற்காக நிறம் வைத்திருக்கின்றன என்பதற்கு என்னிடம் ஒரு விடை இருந்தது, இணையைக் கவர என்று. அன்று அந்த விடை போதவில்லை. ஒரே சிவப்பு ஒருவனுக்கு ஆபத்து, ஒருவனுக்கு எதிரி, ஒருவனுக்குக் காலை உணவு. அதோடு பறவைக் கண்ணுக்கு நமக்குத் தெரியாத ஒரு நிறமும் சேர்த்துத் தெரியும், ஊதாவுக்கு அப்பால் இருப்பது. என் கருவி அந்த எல்லைக்குப் போவதே இல்லை. நான் இம்மி பிசகாமல் கலந்ததாக நினைத்த நிறம், அவற்றுக்குச் சம்பந்தமே இல்லாத வேறு ஏதோ நிறமாகத் தெரிந்திருக்கலாம். அங்கிருந்து கிளம்பும்போது கணவரிடம் இதைச் சொன்னேன்.

"அப்ப குருவிக்கு முன்னால நீயும் என்னைய மாதிரிதான்" என்றார் அவர். அவ்வளவு சந்தோஷமாக நான் அவரைப் பார்த்து நாளாகியிருந்தது. டோங் டு தெருவுக்கு அப்புறம் போனோம். இரண்டு பரோட்டா அதிகமாகச் சாப்பிட்டார்.

சிவப்புச் சுவரை மறைத்தாக வேண்டும். எந்தக் குருவிக்கும் எந்த அபிப்பிராயமும் வராத நிறமாக ஒன்று சொல்லுங்கள் என்று காப்பிக்கடைக்காரர் கேட்டார். என் அனுபவத்தில் அப்படியொரு நிறத்தை யாரும் கேட்டதில்லை. பச்சை என்றேன். பச்சைப் பாம்பு மாதிரி என்றார் ஒரு வாடிக்கையாளர். பழுப்பு என்றேன், பருந்து என்றார்கள். சாம்பல் என்றதும் பக்கத்து வீட்டுப் பூனையைக் காட்டினார்கள். அது நிஜமாகவே சாம்பல் நிறம்தான், கூண்டுகளைப் பார்த்துக்கொண்டு மதிலில் உட்கார்ந்திருந்தது.

கடைசியில் காப்பிக்கடைக்காரிதான் கொல்லைப்பக்கம் கூட்டிப்போனாள். அங்கே ஒரு சுவர் கடை கட்டிய நாளிலிருந்து பெயின்ட் பார்க்காதது. மழை, அடுப்புப் புகை, பாசி எல்லாம் சேர்ந்து அதற்கு ஒரு நிறம் வந்திருந்தது. அதன்மேல் சிட்டுகளும் தவிட்டுக்குருவிகளும் கவலையே இல்லாமல் உட்கார்ந்திருந்தன.

"இது" என்றாள்.

அழுக்கைக் கலப்பதுபோல் கஷ்டமான வேலை என் வாழ்க்கையில் வேறு இல்லை. சிவப்புக்கு ஆன நேரம் போல மூன்று மடங்கு ஆயிற்று. அழுக்கில் பச்சை இருக்கிறது, ஊதா இருக்கிறது, காப்பிகூட இருக்கிறது. கூடினால் சேறு, குறைந்தால் சிமென்ட். ஆனால் வந்துவிட்டது. பூசி முடித்த மறுவாரம் நாங்கள் இருவரும் போனோம். கூண்டுகள் அந்தச் சுவருக்கு முன்னால் வரிசையாகத் தொங்கின. குருவிகள் தொண்டை கிழியப் பாடின. எதிரில் நீலச் சுவர் காலை வெயிலில் மினுங்கியது. நாங்கள் நகர்ந்து உட்கார்ந்தால் மங்கியது. அதைப் பார்க்கவே சில பெண்கள் கூண்டு இல்லாமல் காப்பி குடிக்க வந்திருந்தார்கள்.

எங்கள் பக்கத்து மேஜையில், வெகுநாள் கழித்து வந்த ஒரு வாடிக்கையாளர் கூண்டை மாட்டிவிட்டு உட்கார்ந்தார். நீலச் சுவரைப் பார்த்துத் தலையாட்டினார். பிறகு திரும்பி இந்தச் சுவரைப் பார்த்தார். விரலால் ஒருமுறை தேய்த்து, விரலையும் பார்த்துக்கொண்டார்.

"ஏம்ப்பா" என்று காப்பிக்கடைக்காரரைக் கூப்பிட்டார். "கடையை இவ்வளவு நல்லாப் பண்ணியிருக்கே. இந்த ஒரு சுவருக்கு மட்டும் எப்போ பெயின்ட் அடிக்கப்போறே?"

காப்பிக்கடைக்காரர் என்னைப் பார்த்தார். நான் என் கோப்பையில் ஐஸைக் கலக்கிக்கொண்டிருந்தேன். எங்கள் தொழிலில் இதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது, ஆனால் அதை அந்த மனிதருக்கு எப்படிச் சொல்வது?

"அடிக்கணும்" என்றார் காப்பிக்கடைக்காரர். "மழை நிக்கட்டும்."